ஓடுகிற மாதிரி நில்லு

உடற்கல்வி என்ற ஒன்று உலகில் தோன்றிய நாள் முதல் அதில் தீராமல் கிடந்த குறை ஒன்றே ஒன்றுதான். அதற்காக உடலை அசைக்க வேண்டியிருந்தது. எத்தனையோ நாடுகள், எத்தனையோ அறிஞர்கள் முயன்றும் தீராத அந்தக் குறையைத் தீர்த்துவைத்த பெருமை, கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகும் வழியில் மூன்று காற்றாலைகளுக்கு நடுவே நிற்கும் வெம்பூரணி தொடக்கப் பள்ளியையே சேரும். எங்கள் முறையில் பிள்ளைக்கு வேர்க்காது. மூச்சு வாங்காது. சட்டை அழுக்காகாது. உடற்கல்வி மட்டும் நூற்றுக்கு நூறு நடந்து முடிந்திருக்கும்.

இந்தச் சாதனையின் சிற்பிகள் இருவர். ஒருவர் தலைமையாசிரியர் உச்சிமாகாளி. இன்னொருவர் பெயரைச் சொல்ல அடக்கம் தடுக்கிறது. உதவியாசிரியர் நேசமணி, அதாவது நான்.

தொடக்கப் பள்ளிக்கென்று தனியாக உடற்கல்வி ஆசிரியர் கிடையாது. இருக்கிறவர்களில் ஒருவர் அதையும் "கூடுதலாகக் கவனிக்க" வேண்டும். யாரை நியமிப்பது என்று தலைமையாசிரியர் ஒரு வாரம் ஆராய்ந்தார். ஆராய்ச்சிக்கு உட்பட்டவர்கள் மூன்று பேர். அவர் தன்னைத் தானே முதலில் விலக்கிக்கொண்டார். அடுத்தவர் தற்காலிக ஆசிரியை யோகலட்சுமி. வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. மிச்சம் நான். வயது ஐம்பத்து நாலு, எடை தொண்ணூற்றாறு கிலோ, வலது முழங்காலில் தேய்மானம்.

"நேசமணி சார், இந்தப் பொறுப்புக்கு நீங்கதான் பொருத்தம்," என்றார் தலைமையாசிரியர்.

"சார், நாற்காலிய விட்டு எந்திரிக்கவே எனக்கு ரெண்டு ஆள் வேணும்."

"அதனாலதான் சொல்லுதேன். உங்களால ஒரு அசம்பாவிதமும் நடக்காது."

அவர் அஞ்சியது உலகில் இந்த ஒரு சொல்லுக்குத்தான். முப்பத்து நாலு வருடப் பணியில் அவர் ஒரு மெமோகூட வாங்கியதில்லை. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். அதுவரை அறுபத்து மூன்று பிள்ளைகளும் அசையாமல் இருந்துவிட்டால், ஒரு கறையும் இல்லாமல் மாலையோடு வீட்டுக்குப் போய்விடலாம். இதில் என்ன தவறு இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

மைதானம் இல்லாத பள்ளி என்று எங்களை யாரும் குறை சொல்ல முடியாது. முக்கால் ஏக்கர் கரிசல் மண் பள்ளிக்குப் பின்னால் கிடக்கிறது. கோடையில் அது பிள்ளையின் கால் உள்ளே போகிற அளவுக்கு வெடிப்பு விடும். மழை பெய்தால் செருப்பைத் தான் வைத்துக்கொண்டு ஆளை மட்டும் அனுப்பும். இரண்டும் இல்லாத மாதங்களில் சீமைக்கருவேல முள். ஆகவே மைதானத்தின் நலன் கருதி அதற்கு ஆண்டு முழுவதும் விடுமுறை அளித்திருந்தோம்.

இந்த ஏற்பாட்டை யோகலட்சுமியிடம் யாரும் சொல்லவில்லை. அவர் புதியம்புத்தூர்க்காரர். அப்பாவும் அம்மாவும் அங்கே ரெடிமேட் தைக்கிறவர்கள். இவர் மட்டும் படித்தார், கல்லூரியில் எண்ணூறு மீட்டர் ஓடினார். தினமும் இரண்டு பஸ் மாறி வருகிற இந்தப் பெண் ஒரு சனிக்கிழமை, விடுமுறை நாள் என்றும் பாராமல் வந்து, மைதானத்தில் முள் வெட்டினார். கூட வந்து அருவாள் பிடித்தவள் முத்துத்தாய். எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிறவள். அவள் மகள் தங்கமாரி ஐந்தாம் வகுப்பில் படித்தாள்.

திங்கட்கிழமை, சுண்ணாம்புக் கோடு போட்டுப் பிள்ளைகளை ஓட விட்டார் யோகலட்சுமி.

நான் வகுப்பறை ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தபடி அந்த விதிமீறலைக் கண்காணித்தேன். பிள்ளைகள் எல்லாரும் பிள்ளைகள் ஓடுவது போலத்தான் ஓடினார்கள். சிலர் சிரித்துக்கொண்டு, சிலர் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு. தங்கமாரி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். விசில் கேட்டது. அதன் பிறகு அவளை நான் பார்த்தது மைதானத்தின் அந்தக் கடைசியில்தான். நடுவில் அவள் எப்படிப் போனாள் என்று சொல்ல எனக்குச் சொல் இல்லை. மண் அவளைத் தொட்டதா என்றே சந்தேகமாக இருந்தது. கையிலிருந்த டீ ஆறிப்போய்விட்டது. இதை நான் எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை.

நான்காம் நாள் அந்த அசம்பாவிதம் நடந்தது. ஐந்தாம் வகுப்பு ரேணுகாதேவி ஓடும்போது தடுக்கி விழுந்தாள். பல் ஒன்று விழுந்தது. அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போய்ப் பெருமையாகக் காட்டினாள். தலைமையாசிரியரிடமும் காட்டினாள். அவர் தண்ணீர் கேட்டார்.

உடனே அவள் அப்பா சுந்தரபாண்டிக்கு ஆள் போயிற்று. அவர் உளுந்துக் காட்டிலிருந்து மருந்தடிக்கிற கையோடு வந்தார். மகளின் வாயைத் திறந்து பார்த்தார். சிரித்தார்.

"பால் பல்லு சார். ஒரு வாரமா ஆடிக்கிட்டுத்தான் கெடந்துச்சு. பிடுங்கிவிடுதேன், வாட்டின்னா விட மாட்டேன்னுட்டா. நல்லதாப் போச்சு."

"நீங்க பெருந்தன்மையா பேசுதீங்க," என்றார் தலைமையாசிரியர். "பயப்படாம உள்ளதச் சொல்லுங்க. புகார் எழுதித் தரணுமா?"

"புகாரா? யாரு மேல?"

"அத விசாரணை முடிவு பண்ணும்."

"சார், காட்டுல வேலை கெடக்கு. நான் வாரேன்," என்று சுந்தரபாண்டி போய்விட்டார். பாதிக்கப்பட்டவர் ஒத்துழைக்க மறுத்தும், எங்கள் தலைமையாசிரியர் கடமையிலிருந்து வழுவவில்லை. விழுந்த பல்லை நோக்குவதற்கு அன்று மாலையே ஒரு குழு அமைத்தார். அதற்கு நான் வைத்த பெயர் "பல்நோக்குக் குழு". தலைவர் அவர், செயலர் நான், விசாரிக்கப்படுபவர் யோகலட்சுமி. பல்லும் ஒரு தீப்பெட்டிக்குள் மேசை மீது வைக்கப்பட்டிருந்தது.

"விழுந்தது யாரு?" என்றார் தலைவர்.

"ரேணுகாதேவி."

"விழும்போது என்ன செஞ்சுக்கிட்டிருந்தா?"

"ஓடிக்கிட்டிருந்தா சார்."

"ஓடச் சொன்னது யாரு?"

"நான்தான் சார். பி.டி. பீரியடுல்லா?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, பி.டி. பீரியட்ல எதுக்கு ஓடணும்?"

யோகலட்சுமி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தீப்பெட்டியைப் பார்த்தார். "ஆசிரியை தக்க பதில் அளிக்கத் தவறினார்" என்று நான் நடவடிக்கைக் குறிப்பில் எழுதினேன். இனி உடற்கல்வி வகுப்பறைக்குள் மட்டுமே, கரும்பலகையின் உதவியோடு நடைபெறும் என்று தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஒரு மனம் தலைமையாசிரியருடையது.

அதே மாதத்தில்தான் மேலிடத்திலிருந்து "துள்ளும் தளிர்" திட்டம் வந்தது. பிள்ளைகள் தினமும் முக்கால் மணி நேரம் துள்ள வேண்டும். துள்ளியதற்குச் சான்றாக மூன்றரை மணிக்குள் ஒரு படத்தை அலைபேசிச் செயலியில் ஏற்ற வேண்டும். ஏற்றாத பள்ளிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். "கடிதம்" என்றதும் தலைமையாசிரியர் ஓய்வுக்கு இன்னும் எத்தனை நாள் என்று நாட்காட்டியில் எண்ணினார். ஓடினால் பல் விழும், ஓடாவிட்டால் கடிதம் வரும் என்ற இக்கட்டான அந்த வேளையில்தான் என் திறமை வெளிப்பட்டது.

பிள்ளைகளை வாசலுக்கு வெளியே நிழலில் வரிசையாக நிறுத்தினேன். வலது காலைத் தூக்கச் சொன்னேன். இடது கையை முன்னால் நீட்டச் சொன்னேன். நாற்காலியில் இருந்தபடியே அலைபேசியை உயர்த்தினேன்.

"ஏலே, சிரிக்காத! ஓடுத மாதிரி நில்லுலே!"

"சார்," என்றாள் தங்கமாரி. "இப்படி ஒத்தக் கால்ல நிக்கதுக்கு, ஓடிட்டே வந்துரட்டுமா?"

"ஓடினா படம் கலங்கும்."

கலங்கிய படத்தைச் செயலி ஏற்காது. தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பிவிடும். அதாவது, ஓடாமல் நிற்கிற பிள்ளைதான் ஓடுகிற பிள்ளை என்பதை எங்களுக்கு முன்பே செயலி உணர்ந்திருந்தது. அறுபத்திரண்டு பிள்ளைகள் இதைப் புரிந்துகொண்டார்கள். தங்கமாரிக்கு மட்டும் வரவில்லை. காலைத் தூக்கினால் அந்தக் கால் தன்பாட்டுக்குப் போய்விடும். படத்தில் அவள் இருக்க வேண்டிய இடத்தில் சீருடை நிறத்தில் ஒரு கறை விழுந்திருக்கும். ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு பள்ளியின் நற்பெயர் கருதி அவளைப் படத்துக்கு வெளியே நிறுத்தி, மற்றவர்கள் அசைகிறார்களா என்று கவனிக்கும் வேலையைக் கொடுத்தேன். அவளை அசையாமல் வைக்க முடியாததால் அவளுக்கு அசைவுத் தடுப்பில் பதவி அளித்தோம்.

மிச்ச நேரத்தில் பாடம் நடந்தது. ஓட்டம், தாண்டுதல், எறிதல் மூன்றையும் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். பிள்ளைகள் கை கட்டி உட்கார்ந்து தாண்டினார்கள். அரையாண்டுத் தேர்வில் உடற்கல்விக்கு இருபத்தைந்து மதிப்பெண். முதல் கேள்வி: ஓட்டம் என்றால் என்ன?

ரேணுகாதேவி எழுதினாள்: "இரு பாதங்களும் ஒரே சமயத்தில் தரையை விட்டு நீங்கும் நிலை அமையப்பெற்ற விரைவான இடப்பெயர்ச்சியே ஓட்டம் எனப்படும்." அடிக்கோடும் இட்டிருந்தாள். இருபத்தைந்துக்கு இருபத்தைந்து.

தங்கமாரி எழுதினாள்: "ஆடு எங்க போகப்போகுதுன்னு பாத்து அதுக்கு முன்னாடி போயி நிக்கது ஓட்டம். பின்னாடியே போனா அது ஓட்டம் இல்ல, தேடுதது." மூன்று மதிப்பெண். அதுவும் பெயர், வகுப்பு, தேதி மூன்றையும் சரியாக எழுதியதற்காக.

இரண்டு நாள் கழித்து முத்துத்தாய் வந்தாள். கையில் கம்பு, தலையில் சும்மாடு. ஆடுகளைப் பள்ளி வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டு வந்திருந்தாள்.

"சார், எம்மவ கணக்குல பெயிலு, சரி. இங்கிலீசுல பெயிலு, அதுவும் சரி. ஓட்டத்துல எப்படி சார் பெயிலு?"

"அது வேற, முத்துத்தாய். அவ ஓடுதது ஓட்டம். நாங்க நடத்துதது ஓட்டத்தப் பத்தின பாடம்."

"அம்பது உருப்படி ஆட்ட ஒத்தைல மறிச்சுக் கொண்டாரா சார். போன மாசம் வெறிநாய் வந்தப்ப ஓட்டப்பிடாரம் ரோடு வரைக்கும் ஓடிப்போயி குட்டியத் தூக்கிட்டு வந்தா. அதுக்கு எத்தன மார்க்கு?"

"நாய் பாடத்திட்டத்துல இல்ல."

அவள் கரும்பலகையைப் பார்த்தாள். அதில் ஓடும் மனிதனின் படம் வரைந்திருந்தேன். அவனுக்கு முழங்கால் சரியாக அமையவில்லை.

"இவன் பாஸா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஜனவரியில், கோவில்பட்டியில் தொடக்கப் பள்ளிகளுக்கான வட்டார ஓட்டப் போட்டி அறிவித்தார்கள். பள்ளிக்கு ஒரு மாணவன், ஒரு மாணவி. எங்கள் தலைமையாசிரியர் தயவு தாட்சண்யம் பார்க்காதவர். மாணவியரில் ஓட்டத்தில் முதல் மதிப்பெண் பெற்றவர் ரேணுகாதேவி. மாணவர்களில் முதல் மதிப்பெண் பெற்றவனுக்கு அன்றைக்குப் பார்த்து அம்மை. ஆகவே ரேணுகாதேவி பெயர் மட்டும் ஏற்றப்பட்டது. பொறுப்பாசிரியர் என்ற முறையில் அவளோடு நானும் போனேன்.

மைதானத்துக்குள் நுழைந்தால், வேப்ப மர நிழலில் யோகலட்சுமி நிற்கிறார். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். பக்கத்தில் முத்துத்தாய். அவளுக்குப் பக்கத்தில், துவைத்த சீருடையில், எண்ணெய் வைத்துச் சீவிய தலையோடு தங்கமாரி.

"சார், பேரு பதியுத மேசைல கேட்டுட்டேன்," என்றார் யோகலட்சுமி. ஒரு தாளை நீட்டினார். "ஆள மாத்திக்கிடலாமாம். பள்ளிக்கூடத்துலேருந்து வந்தவங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்னு சொல்லுதாவ."

"சார், போட்டுருங்க சார்," என்றாள் ரேணுகாதேவி. "எனக்கு எழுதத்தான் வரும். அவதான் சார் ஓடுவா."

"தகுதியை அப்படி விட்டுக்கொடுக்கக் கூடாது," என்று அவளுக்கு நீதி சொன்னேன்.

சட்டைப் பையில் பேனா இருந்தது. எடுத்தேன், மூடியையும் கழற்றினேன். பிறகு எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று தலைமையாசிரியரை அழைத்தேன்.

"மெரிட்டுன்னா மெரிட்டு," என்றார் அவர். "நீங்க கையெழுத்துப் போடுததா இருந்தா போடுங்க சார். ஆனா பின்னால எதும் வந்தா அது உங்க பேருக்கு வரும், எம்பேருக்கு வராது. அம்புட்டுதான்."

பேனாவை மூடிப் பையில் வைத்தேன். யோகலட்சுமி தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். தங்கமாரி என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நூறு மீட்டர் ஓட்டத்துக்கு எட்டுப் பிள்ளைகள் கோட்டில் நின்றார்கள். விசில் ஊதியது. ஏழு பிள்ளைகள் ஓடினார்கள். ரேணுகாதேவி ஓடவில்லை. மூச்சை ஆழ இழுத்தாள், தோள்களைத் தளர்த்தினாள், பார்வையை நேராக நிறுத்தினாள். "ஓட்டம் தொடங்குமுன் செய்ய வேண்டிய எட்டு ஆயத்தங்கள்" என்ற கேள்விக்கு அவள்தான் முழு மதிப்பெண் எடுத்தவள். ஆயத்தங்கள் முடிந்து அவள் முதல் அடி வைத்தபோது, மற்றவர்களுக்கு அந்தப் பக்கம் கடலைமிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கண் கலங்கத் திரும்பி வந்தாள்.

"நான் அஞ்சாவது ஆயத்தத்துக்கு வரமுன்ன எல்லாரும் போயிட்டாளுவ சார்."

"நீ முறையாகச் செய்தாய்," என்று தேற்றினேன்.

மதியம் சாப்பாட்டு வேளையில் மைதானம் காலியானது. நானும் ரேணுகாதேவியும் பொட்டலத்தைப் பிரித்தோம். அப்போது யோகலட்சுமி தங்கமாரியின் தோளைத் தட்டிக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்துவதைப் பார்த்தேன். கூட ஓட யாரும் இல்லை. எண்ணிக் குறிக்க ஆள் இல்லை. யோகலட்சுமி கையில் நேரம் பார்க்க அலைபேசி மட்டும்.

"ஓடுட்டி!" என்று கத்தினாள் முத்துத்தாய்.

தங்கமாரி ஓடினாள்.

வேறு ஒரு ஊரின் விளையாட்டு விடுதியிலிருந்து, பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பதற்காகப் பயிற்சியாளர் ஜெயகுமாரி அன்றைக்கு வந்திருந்தார். மேசையில் உட்கார்ந்து தக்காளி சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், கையைக் கழுவாமலே எழுந்து வந்தார். யோகலட்சுமியின் அலைபேசியை எட்டிப் பார்த்தார்.

"இன்னொரு வாட்டி ஓடச் சொல்லுங்க."

இன்னொரு வாட்டி ஓடினாள். முன்னதைவிடக் கொஞ்சம் வேகமாக.

"எந்த ஸ்கூல் இது?"

முத்துத்தாய் என்னைக் கை காட்டினாள். ஜெயகுமாரி என்னிடம் வந்தார். "சார், காலைல லிஸ்ட்ல இந்தப் பிள்ள பேரே இல்லியே?"

"இவள் ஓட்டத்தில் தேர்ச்சி பெறவில்லை மேடம்," என்றேன்.

அவர் முத்துத்தாயிடம் திரும்பி, பிள்ளையின் பெயரையும் ஊரையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். ரேணுகாதேவிதான் என் பங்கையும் சாப்பிட்டாள்.

மறு வாரம் பள்ளியில் நீதி நிலைநாட்டப்பட்டது. "முன் அனுமதியின்றி மாணவி ஒருவரை இருமுறை ஓடச் செய்தது" குறித்து யோகலட்சுமிக்கு மெமோ. அதன் வாசகத்தை எழுதிக் கொடுத்தவன் நான். "பெத்த தாயே கூட இருந்தாவளே சார்?" என்று அவர் கேட்டதற்கு, தாய் அனுமதி வழங்கும் அலுவலர் அல்ல என்று தலைமையாசிரியர் தெளிவுபடுத்தினார். பிப்ரவரியோடு யோகலட்சுமியின் பணி "தேவைப்படாததாக" ஆயிற்று.

கடைசி நாள், பதிவேட்டில் கையெழுத்துப் போட என் மேசைக்கு வந்தார். போட்டுவிட்டு உடனே போகவில்லை.

"சார், மொத நாளு தங்கமாரி ஓடும்போது நீங்க ஜன்னல் வழியா பாத்துக்கிட்டிருந்தீங்க. உங்க மொகத்த நான் பாத்தேன். நீங்க என்னைக்காச்சும் ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

நான் கண்ணியமாக மௌனம் காத்தேன். மௌனத்துக்கு இதுவரை யாரும் மெமோ கொடுத்ததில்லை.

அவர் வாசலைத் தாண்டும்போது பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள். "ஓடாதீங்கலே!" என்று தலைமையாசிரியர் கத்தினார். அந்த ஒரு முறை யாரும் கேட்கவில்லை. பஸ் வரும் வரை சாலையில் சுற்றி நின்றுவிட்டு, புழுதியோடு திரும்பி வந்தார்கள்.

ஏப்ரலில் எங்கள் உழைப்புக்குப் பலன் கிடைத்தது. "துள்ளும் தளிர்" திட்டத்தின் சிறந்த பள்ளியாக நாங்கள் தேர்வு செய்யப்பட்டோம். ஆண்டு முழுவதும் ஒரு நாள் தவறாமல் படம் ஏற்றிய பள்ளி, அவற்றில் ஒரு படம்கூடக் கலங்காத பள்ளி என்று பாராட்டுரையில் வாசித்தார்கள். "இவ்வளவு ஒழுங்காகத் துள்ளும் பிள்ளைகளை நான் கண்டதில்லை" என்று மேடையில் ஒருவர் வியந்தார். தலைமையாசிரியர் கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதுவிட்டார்.

தங்கமாரி விளையாட்டு விடுதியில் சேர்ந்து ஆறாம் வகுப்புக்குப் போனாள். சேரும்போது யாரும் அவளிடம் ஓட்டத்தின் வரையறையைக் கேட்கவில்லை என்று முத்துத்தாய் வந்து சொன்னாள். ஒரு வருடம் கழித்து, மாநில அளவில் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கான இருநூறு மீட்டரில் இரண்டாவதாக வந்தாள்.

செய்தி வந்த அன்றே தலைமையாசிரியர் பிளக்ஸ் அடித்துவிட்டார். "எங்கள் உடற்கல்வி ஈன்றெடுத்த கரிசல் புயலே வருக!" அதில் கைகூப்பியபடி அவர், இந்தப் பக்கம் நான். நடுவில், இடம் இருந்த அளவுக்குத் தங்கமாரி. அவருக்கு ஓய்வு பெற ஒரு மாதம்தான் இருந்தது. பாராட்டு விழா வைத்தார். சுந்தரபாண்டி மைக் செட் கொடுத்தார். இப்போது வேறு பள்ளியில் படிக்கும் ரேணுகாதேவி வந்து வரவேற்புரை வாசித்தாள், ஒரு பிழை இல்லாமல்.

தங்கமாரி வளர்ந்திருந்தாள். பேச்சு குறைந்திருந்தது. தலைமையாசிரியர் போர்த்திய சால்வையை வாங்கி மடித்து அம்மாவிடம் கொடுத்தாள். நாளிதழ் நிருபர் இசக்கிராஜா மேடைக்குக் கீழே அவளை ஓரமாக நிறுத்திப் பேட்டி எடுத்தார். நானும் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஓட ஆரம்பிச்சது எப்படிம்மா?"

"ஆடு மறிக்கத்தான் சார். பெறவு யோகலட்சுமி டீச்சர் கோடு போட்டு ஓடச் சொல்லிக்குடுத்தாவ."

"அவிய எங்க? மேடைல காணமே?"

"புதியம்புத்தூர்ல நைட்டி தைக்காவ. நேத்து நானும் எங்கம்மாவும் போயி மெடலக் காமிச்சிட்டு வந்தோம். மிசின நிப்பாட்டிட்டு ரொம்ப நேரம் கையில வச்சிருந்தாவ."

இசக்கிராஜா எழுதுவதை நிறுத்தினார். "டீச்சர் வேலைய விட்டுட்டு எதுக்குத் தைக்கப் போனாவ?"

தங்கமாரி மேடையில் இருந்த தலைமையாசிரியரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"எங்கள ஓட விட்டாவல்லா சார், அதுக்குத்தான்."

இசக்கிராஜா அதையும் எழுதிக்கொண்டார். விழா முடிந்ததும் அவரை டீக்கடைக்கு அழைத்துப் போனேன். வடை சூடாக இருந்தது. அவரும் நல்ல பையன்தான். பெரியவர்கள் சொன்னால் கேட்கிறவர். குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "அப்ப இதுக்குப் பதிலா என்ன போடலாம் சார்?" என்று கேட்டார்.

மறுநாள் நாளிதழின் ஏழாம் பக்கத்தில் படத்தோடு செய்தி வந்தது. "'எனது வெற்றிக்கு என் பள்ளியின் உடற்கல்வியே காரணம்': மாணவி தங்கமாரி நெகிழ்ச்சி." தலைமையாசிரியர் அதைக் கத்தரித்துக் கண்ணாடி போட்டு மாட்டச் சொன்னார். எவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறாள் பிள்ளை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் வாசித்துக் காட்டுகிறார்.

அந்த வாக்கியத்தைத் தங்கமாரி சொல்லவே இல்லை. நான் சொன்னேன். எங்கள் பள்ளியின் உடற்கல்விச் சாதனைகளில் மற்ற எல்லாவற்றுக்கும் நான் தலைமையாசிரியரைக் கை காட்டிவிடலாம். இது ஒன்றுக்கு மட்டும் என்னிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை, யாரும் மெமோ என்று மிரட்டவில்லை. நானாகச் செய்தேன்.